பிள்ளைப்பேறும் எங்கட வாயும்

(எமது சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினரின் விருப்பப்படி பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவள் அல்ல. வாசனைத் திரவியப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கும் ஒரு தொழிற்சாலையில் லைனில் நிற்கிறவள். 2010இல் உயர்தரம் எழுதினதோடு என் படிப்பு நின்றது. டொக்டர் ஒருவர் பேசவேண்டிய விஷயத்தை இவள் ஏன் பேசுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். டொக்டர் தன்ர பக்கத்தைச் சொல்லுவார். கட்டிலில் கிடந்தவளின் பக்கத்தைக் கிடந்தவள்தானே சொல்லவேண்டும்! இந்த நியூ ஜேர்சியில் எங்கட பிள்ளைகள் பலர், தாயும் இல்லாமல் மாமியும் இல்லாமல் முதல் பிள்ளையைப் பெறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஊரை ஒருக்கா நினைத்துப் பார்ப்போம். என்ர அம்மா பிறந்தது இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரியில். பெண்களுக்கென்று 1898இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அம்மா கலியாணம் கட்டி வன்னிக்குப் போன பிறகும், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தவுடன் குடும்பநல மாது சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவா. நிறை பார்ப்பா, கால் வீங்கியிருக்கா என்று அமத்திப் பார்ப்பா, கிளினிக்குக்கு வராவிட்டால் ஏசுவா. இலங்கையில் இந்தச் சுகாதார சேவை களுத்துறையில் 1926இல் தொடங்கியது. 1940களில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு அது. இப்போது அந்தத் தொகை முப்பது அளவுக்கு இறங்கிவிட்டது. அமெரிக்காவில் 2021இல் அது 32.9, 2023இல் 18.6. பணக்கார நாடு என்றபடியால் இங்கே ஒன்றும் நடக்காது என்று இருக்கவும் கூடாது, எங்கட ஊர் முறை எல்லாம் பிழை என்று வெட்கப்படவும் தேவையில்லை. அங்கே ஆள் வீடு தேடி வரும். இங்கே நாங்கள்தான் வாய் திறந்து கேட்கவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

2009இல் நான் பதினெட்டு வயதுப் பிள்ளை. பதுங்குகுழிக்குள் ஒரு அக்காவுக்குக் குத்துக் கண்டு, நாலு பெண்கள் சீலையை மறைத்துப் பிடித்து நிற்க, பிள்ளை பிறந்ததைப் பார்த்தவள் நான். அந்த அக்கா சத்தமே போடவில்லை. அதைப் பார்த்த எனக்கு, பிள்ளைப்பேறு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பது என்றுதான் மனதில் பதிந்தது. எங்களில் பலருக்கு அப்படித்தான். "நல்ல பிள்ளை, ஒரு சத்தம் போடேல்லை" என்பதுதான் எங்கட சனம் தருகிற சான்றிதழ். குழிக்குள் அது உயிர் காத்த குணம். ஆனால் இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் சத்தம் போடாதவளுக்கு நோவே இல்லை என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் ஒன்றிலிருந்து பத்துவரை நம்பர் கேட்பார்கள். நாங்கள் மரியாதைக்கு "மூண்டு, நாலு" என்போம். தங்கச்சிமாரே, உதிலே மரியாதை பார்க்காதேங்கோ. எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கோ.

வயிற்றில் பிள்ளை இருக்கையில் வேலை எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். எனக்கு எட்டு மணித்தியாலமும் நின்ற நிலை. ஆறாம் மாதம் கால் வீங்கி சப்பாத்து ஏறவில்லை. சுப்பர்வைசரிடம் கதிரை கேட்டேன். "ஒருவருக்குத் தந்தால் எல்லாருக்கும் தரவேண்டும்" என்றார். அப்போது எங்கட சங்கத்து அக்கா ஒருவர்தான் சட்டத்தைச் சொல்லித் தந்தா. கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம் 2023 ஜூன் 27இலிருந்து நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கதிரை, தண்ணீர், கழிப்பறைக்குப் போக இடைவேளை, பாரம் தூக்காத வேலை என்று நியாயமான வசதிகளைக் கேட்கலாம். முதலாளிக்குப் பெரும் சிரமம் என்று நிரூபிக்க முடிந்தால்தான் மறுக்கலாம். நியூ ஜேர்சியில் இதேபோன்ற மாநிலச் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, ஒரு பிரதியை நான் வைத்துக்கொண்டு, மற்றதை அலுவலகத்தில் கொடுத்தேன். மூன்றாம் நாள் கதிரை வந்தது.

இனிக் குத்து வரும் நேரத்துக்கு வருவோம். என்ர மகள் பிறந்தது 2023 நவம்பரில். முதல் பிள்ளை என்றால் அவசரப்படத் தேவையில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா குத்து வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நின்று, இப்படியே ஒரு மணித்தியாலம் தொடர்ந்தால் புறப்படு என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளை துடிப்புக் குறைந்தாலோ கணக்குப் பார்க்கக் கூடாது, உடனே போகவேண்டும். நான் முதல்முறை போனபோது வாசல் மூன்று சென்ரிமீற்றர்தான் திறந்திருந்தது. பத்துக்கு வரவேண்டும். "வீட்டை போய் நடவுங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரில் இருந்து அழுதேன். ஆனால் அது அவமரியாதை இல்லை, முதல் பிள்ளைக்கு அப்படித்தான் நடக்கும். ஆறு சென்ரிமீற்றர் வரைக்கும் மெல்ல மெல்லத்தான் போகும். அதற்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும். அன்று இரவு வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சுடுதண்ணியில் குளித்தேன். இவர் இடுப்பை அமத்திவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் போனபோது ஐந்து. கட்டில் தந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காப்புறுதி இல்லை, காசு இல்லை, கடுதாசி இல்லை என்று வீட்டில் கிடந்துவிடாதேங்கோ. 1986இல் வந்த சட்டப்படி, குத்தோடு வரும் தாயை அவசர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரி பரிசோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். காசு இல்லை என்று வாசலால் அனுப்ப முடியாது. பில்லைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

இப்போது முக்கிய விஷயம். என்ர இங்கிலீஸ் தொழிற்சாலை இங்கிலீஸ். "பொக்ஸ், லேபல், லன்ச், ஓவர்ரைம்" வரைக்கும் ஓடும். பிள்ளை பெறுகிற இங்கிலீஸ் அதில் இல்லை. வரவேற்பு மேசையில் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஹிந்தி ஆளைத் திரையில் பிடித்துவிட்டார்கள். அந்த அம்மா பாவம், "நமஸ்தே, நமஸ்தே" என்கிறா. நான் "தமிழ், தமிழ்" என்கிறேன். கடைசியில் "கணவர் இருக்கிறார்தானே" என்று விட்டுவிட்டார்கள்.

இரவு பதினொரு மணி இருக்கும். குத்துக் கூடுவதற்கு மருந்து சேலைனில் ஏறிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மெஷினில் பிள்ளையின் இதயத் துடிப்புச் சத்தம் இறங்குகிறது. இரண்டு தாதிமார் ஓடி வருகிறார்கள். என்னைப் பிடித்து இடப்பக்கம் புரட்டுகிறார்கள். டொக்டர் வந்து இவரைப் பார்த்து இரண்டு மூன்று நிமிடம் கதைக்கிறார். நான் இவரிடம், "என்னவாமப்பா?" என்று கேட்கிறேன். இவர் என்ன சொன்னார் தெரியுமோ? "ஒண்டுமில்லை. எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம்."

சிரிக்காதேங்கோ. இந்த மண்டபத்தில் இருக்கும் எந்த ஆம்பிளையும் அதைத்தான் சொல்லியிருப்பார். மனிசி பயப்படக்கூடாது என்ற அன்பு அது. ஆனால் அவருடைய கை நடுங்கியதை நான் கண்டேன். விஷயம் தெரியாமல் கிடப்பதுதான் எனக்கு நோவைவிடப் பெரிய பயமாக இருந்தது. பிள்ளை செத்துப் போச்சு, மறைக்கிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டேன். அப்போது ஒரு தாதி என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டா. சில்லுப் பூட்டிய கம்பியில் திரையை உருட்டிக்கொண்டு வந்து, மொழிப் பட்டியலை எனக்கு முன்னால் பிடித்து, விரலால் காட்டச் சொன்னா. தமிழ் என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒரு தமிழ்நாட்டு அம்மா திரையில் வந்து, "சொல்லுங்கம்மா, நான் இருக்கேன்" என்றா. அந்த "நான் இருக்கேன்" என்ற சொல்லுக்கே எனக்குப் பாதி உயிர் வந்தது.

டொக்டர் திரும்பச் சொன்னார்: குத்து வரும்போது பிள்ளையின் துடிப்புக் குறைகிறது, கொடி அமத்துப்படலாம். அதனால் மருந்தைக் குறைத்திருக்கிறோம், பக்கம் மாற்றியிருக்கிறோம். இப்போது துடிப்புத் திரும்பியிருக்கிறது. மீண்டும் இறங்கி நின்றால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரும். சம்மதமா? கேட்டவுடன் பயம் போகவில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்த பயம் வேறு, தெரியாத பயம் வேறு. என்ர உடம்பில் கத்தி வைப்பதற்கு நானே "ஓம்" என்று சொல்ல முடிந்தது. இந்த நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை சத்திரசிகிச்சையில்தான் பிறக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. முதுகில் விறைப்பு ஊசி போட்ட பிறகு, "கால் விறைச்சுப் போச்சு" என்றேன். எங்களுக்கு விறைப்பு என்றால் உணர்ச்சி இல்லை. தமிழ்நாட்டில் அதை மரத்துப் போச்சு என்பார்கள். விறைப்பு என்றால் அவர்களுக்குக் கம்பு மாதிரி நிமிர்ந்து நிற்பது. அவ அப்படியே மொழிபெயர்க்க, தாதி பதறிப்போய் என் காலை மடக்கிப் பார்த்தா! அதனால் மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர் என்றால் நாங்கள் கொஞ்சம் விளக்கமாகக் கதைப்பது நல்லது. நோ என்றால் வலி, தலையிடி என்றால் தலைவலி.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது பிச்சை கேட்பது அல்ல. 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டமும், 2010இன் சுகாதாரச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அரசாங்கக் காசு வாங்கும் ஆஸ்பத்திரிகளை இதற்குக் கட்டுப்படுத்துகின்றன. எங்களிடம் காசு வாங்க முடியாது. வீட்டு ஆளைக் கூட்டிவந்து மொழிபெயர்க்கச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. பன்னிரண்டு வயது மகனை வைத்துத் தாயின் வருத்தத்தைக் கேட்பது எவ்வளவு கொடுமை! கிளினிக்குக்குப் போகும் முதல் நாளே "தமிழ்" என்று கோப்பில் பதியச் சொல்லுங்கோ. ஒரு சின்ன மட்டையில் இங்கிலீசில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கோ.

விடியற்காலை 4.12க்கு மகள் பிறந்தாள். முக்கி முக்கிக் களைத்துப் போய், இனி ஏலாது என்று நான் சொன்ன அடுத்த குத்தில் வெளியே வந்தாள். நெஞ்சில் போட்டார்கள். ஈரமும் சூடுமாக ஒரு பாரம். அதுக்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, தாய்மாருக்கு விளங்கும். தாதி "எட்டு" என்றா, கொஞ்சம் பொறுத்து "ஒன்பது" என்றா. இது என்ன, பிறந்தவுடனேயே சோதனைப் புள்ளியா என்று நினைத்தேன். மெய்யாகவே புள்ளிதான்! மூச்சு, இதயத் துடிப்பு, நிறம், தசைப்பலம், தொட்டால் சிணுங்கல் என்று ஐந்துக்கும் இரண்டிரண்டு புள்ளி; முதல் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும் பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடித்த டொக்டர் வேர்ஜினியா அப்கார் எங்கட நியூ ஜேர்சி வெஸ்ற்பீல்டில் 1909இல் பிறந்தவ. 1952இல் அவ உண்டாக்கிய முறையை இன்று உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள்.

அம்மாவுக்குப் போன் எடுத்தால் முதல் கேள்வி, "நேரம் என்ன பிள்ளை?" இங்கத்தைய 4.12, ஊரில் பின்னேரம் 2.42. எந்த நேரத்துக்குச் சாதகம் எழுதுவது என்று சாத்திரியாரும் அம்மாவும் ஒரு கிழமை வாதாடினார்கள். பிறந்த இடத்து நேரத்துக்குத்தான் என்று கடைசியில் முடிவாயிற்று. இங்கே கிளார்க் பேரைக் கேட்டுக்கொண்டு கட்டிலடியில் நிற்கிறார். எங்களுக்கு முப்பத்தொன்றுக்குத்தான் பேர் வைக்கிறது, அவருக்கு நாங்கள் வீட்டை போக முதல் படிவம் நிரப்பவேண்டும். ஆகவே பேரையும், குடும்பப் பேராக எதைப் போடுவது என்பதையும் முதலே தீர்மானித்துக்கொண்டு போங்கோ. தகப்பன் பேர் எந்தப் பெட்டியில், பிள்ளை பேர் எந்தப் பெட்டியில் என்று எழுதியே கொண்டுபோங்கோ.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டொக்டர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். எங்கட சனத்துக்கு வைத்தியம் எங்கட மொழியில்தான் விளங்கும் என்று தமிழ் படித்து, தமிழிலேயே டொக்டர்மாரை உருவாக்கினார். அவர் தமிழாக்கிய பிரசவ வைத்திய நூல் 1857இல் அச்சாகியது. மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி அவர் பேரில்தான் நிற்கிறது. நூற்றைம்பது வருடங்களுக்கு முதல் ஒரு அமெரிக்கர் யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேற்றைத் தமிழில் படிப்பித்திருக்கிறார் என்றால், இன்று அமெரிக்காவில் கட்டிலில் கிடக்கிற நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஏன் கூச்சப்படவேண்டும்?

பிறந்த பிறகுதான் ஆபத்து முடிந்தது என்று எண்ணுவோம். அங்கேதான் கவனம் வேண்டும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாதாரணப் பேற்றுக்கு 48 மணித்தியாலம், சத்திரசிகிச்சைக்கு 96 மணித்தியாலம் வரை காப்புறுதி ஆஸ்பத்திரியில் இருக்க விடும். அதற்குப் பிறகு வீடு. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளுக்கு ஐஸ் போட்ட தண்ணி தந்தார்கள். அம்மா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா! வீட்டில் சங்கத்து அக்காமார் முறை வைத்து சரக்குத்தண்ணியும், உள்ளிக் குழம்பும், சின்ன மீன் பத்தியக் கறியும் கொண்டுவந்து தந்தார்கள். அந்தக் கடன் எனக்குத் தீராது.

ஆறாம் நாள் இரவு எனக்குத் தலையிடி. நித்திரையில்லாத தலையிடி வேறு, இது வேறு. கண்ணுக்கு முன்னால் வெளிச்சப் பொட்டுகள் ஓடின. பத்தியம் கொண்டுவந்த அக்கா தன் வீட்டுப் பிரஷர் மெஷினையும் விட்டுப்போயிருந்தா. பார்த்தால் 168க்கு 112. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வரவேற்பில் இருந்தவர் "உட்கார்ந்து பொறுங்கோ" என்றார். நான் உட்காரவில்லை. தெரிந்த இங்கிலீசில், "பிள்ளை பிறந்து ஆறு நாள், பிரஷர் 168" என்று இரண்டு முறை உரத்துச் சொன்னேன். உடனே கட்டிலில் போட்டு, வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் மருந்தை ஒரு முழு நாள் ஏற்றினார்கள். பிள்ளை பிறந்த பிறகும் கூடப் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம், உயிரும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். என்ர மகளுக்குத் தாய் இருப்பது அந்த மெஷினாலும், என்ர வாயாலும்தான்.

ஆகவே இவற்றை ஞாபகம் வைத்திருங்கோ: விடாத தலையிடி, கண் மங்கல், நெஞ்சுநோ, மூச்சுத் திணறல், ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி நனையும் இரத்தப்போக்கு, 100.4 அல்லது அதற்கு மேல் காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும். பிள்ளை பெற்று ஒரு வருடத்துக்குள் இதில் எது வந்தாலும், வாசலிலேயே "எனக்குப் பிள்ளை பிறந்து இத்தனை நாள்" என்று முதலில் சொல்லுங்கோ.

உடம்பு மட்டுமல்ல, மனமும் உடையும். சும்மா சும்மா அழுகை, பிள்ளையைப் பார்க்க வெறுப்பு, சாகவேணும் போன்ற நினைப்பு வந்தால் அது பேயும் இல்லை, திமிரும் இல்லை, வருத்தம். 2022இலிருந்து தாய்மாருக்கென்று 1-833-852-6262 என்ற இலவச இலக்கம் இருக்கிறது. இரவும் பகலும் எடுக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். போர் பார்த்து வந்த எங்களுக்கு இது இன்னும் தேவை.

காசு விஷயம். நியூ ஜேர்சியில் எங்கட சம்பளத்தில் கழிக்கிற தற்காலிக இயலாமைக் காப்புறுதி 1948இலிருந்து இருக்கிறது. வழமையாகப் பேற்றுக்கு முதல் நாலு கிழமையும், பிறகு ஆறு கிழமையும், சத்திரசிகிச்சை என்றால் எட்டுக் கிழமையும் அதிலிருந்து பணம் வரும். அதற்குப் பிறகு பிள்ளையோடு இருக்க, 2009இல் தொடங்கிய குடும்ப விடுமுறைக் காப்புறுதியில் பன்னிரண்டு கிழமை வரை. தகப்பன்மாருக்கும் அது உண்டு, அண்ணாமாரே! வேலைக்குத் திரும்பிய பின் பால் எடுக்க இடைவேளையும், கழிப்பறை அல்லாத மறைவான இடமும் ஒரு வருடத்துக்குத் தரவேண்டும் என்று 2022 கடைசியில் வந்த சட்டம் சொல்கிறது. தாதி ஒருவர் இலவசமாக வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் திட்டத்துக்கு இந்த மாநிலம் 2021இல் சட்டம் போட்டு, 2024இலிருந்து மாவட்டம் மாவட்டமாகத் தொடங்கியது. எங்கட குடும்பநல மாது சைக்கிளை விட்டுக் காரில் வருகிறா என்று வைத்துக்கொள்ளுங்கோ. வந்தால் கதவைத் திறவுங்கோ.

கடைசியாகச் சங்கத்திடம் மூன்று கோரிக்கை. ஒன்று, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு அக்காவைப் பொறுப்பாக நியமியுங்கோ. குத்து வந்தால் கூடப் போக, பத்தியம் கொடுக்க. இரண்டு, சங்கச் செலவில் நாலு பிரஷர் மெஷின் வாங்கி வீடு வீடாகச் சுற்றவிடுங்கோ. ஒரு பூப்புனித விழாவின் மாலைச் செலவு கூட வராது. மூன்று, நல்ல இங்கிலீஸ் தெரிந்த எங்கட இளம் பிள்ளைகள் மருத்துவ மொழிபெயர்ப்புப் பயிற்சி எடுக்கட்டும். யாழ்ப்பாணத் தமிழ் தெரிந்த ஒரு குரல் அந்தத் திரையில் வந்தால் எவ்வளவு ஆறுதல்!

அண்ணாமாருக்கு ஒன்று மட்டும். டொக்டர் சொல்வதை அப்படியே சொல்லுங்கோ. "ஒண்டுமில்லை" என்று சொல்லாதேங்கோ. பிள்ளையைப் பெறுகிறவளுக்கு விஷயத்தைத் தாங்கவும் பலம் இருக்கும்.

வரும் சித்திரைப் புத்தாண்டில் எங்கட வீடுகளில் பிறக்கப்போகும் பிள்ளைகள் எல்லாரும் சுகமாகப் பிறக்கவும், தாய்மார் எல்லாரும் சுகமாக வீடு திரும்பவும் வாழ்த்துகிறேன்.